பாட்டுக்கு முந்திய உதடுகள்

பாடி மேம்பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் பேருந்து நின்றுவிட்டது. நின்றதுகூடப் பெரிய விஷயமில்லை, ஓட்டுநர் எஞ்சினை அணைத்ததுதான் தேவசகாயத்தை மணி பார்க்க வைத்தது. எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தால் இன்னும் நம்பிக்கை இருக்கிறது என்று பொருள். அணைத்துவிட்டால் அந்த மனிதருக்கே நம்பிக்கை போய்விட்டது என்றுதானே அர்த்தம். மணி பன்னிரண்டு இருபத்திரண்டு. அம்பத்தூர் அப்பளக் கம்பெனியில் ஒரு மணிக்குச் சாப்பாட்டு மணி அடிப்பார்கள், ஒன்றரைக்கு மறுபடி அடிப்பார்கள். அந்த அரை மணிக்குள், அங்கே அப்பளம் தேய்க்கும் அஞ்சலாட்சியைப் பிடித்து, சட்டைப்பையில் சூடேறிக் கிடக்கும் இந்தக் கைபேசியில் அவளையே அவளுக்கு மூன்று நிமிடம் ஐம்பது விநாடி காட்டி, இதைப் போடட்டுமா வேண்டாமா என்று கேட்டுவிட வேண்டும். இரண்டு மணிக்குள் எடிட்டர் காசிநாதன் பாட்டு நிறுவனத்துக்கு வீடியோவை அனுப்பியாக வேண்டும். நாளைக் காலை பதினொரு மணிக்கு அது உலகத்துக்கு. காசியின் கணினியில் இரண்டு வீடியோக்கள் தயாராக இருந்தன. ஒன்று சரியானது. இன்னொன்று தப்பானது. தப்பானதைத்தான் அனுப்ப வேண்டும் என்று தேவசகாயத்தின் உடம்பு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தது, ஆனால் அம்பத்துநாலு வயதில் உடம்பு சொல்வதையெல்லாம் நம்பிவிட முடியாது. உடம்பு போன வாரம் மாரடைப்பு என்றுகூடத்தான் சொன்னது, கடைசியில் அது வடகறி.

தப்பு என்றால் எப்படிப்பட்ட தப்பு? இந்தத் தொழிலில் இருப்பவன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. வெளியாளிடம் சொன்னால் இதில் என்ன இருக்கிறது என்பான். ஆட்கள் மெதுவாக மிதப்பதுபோல் காட்சி வேண்டும் என்றால் கேமரா இரண்டு மடங்கு வேகத்தில் எடுக்க வேண்டும், அங்கே ஒலிக்கிற பாட்டையும் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட வேண்டும், வாயசைக்கிறவர்கள் மூச்சுவாங்க அந்தப் பாட்டின் பின்னால் ஓட வேண்டும். பிறகு எடிட்டிங்கில் இழுத்து நிறுத்தினால் ஆட்கள் தண்ணீருக்குள் இருப்பதுபோல் நகர்வார்கள், உதடு மட்டும் பாட்டோடு கச்சிதமாக ஒட்டிக்கொள்ளும். நூறு தடவை செய்த வேலை. அன்றைக்கு அப்பளக் கம்பெனியில் முதல் டேக் சரியாக வந்தது. இரண்டாவதில் பாட்டு இரண்டு மடங்கில் ஓடியது, கேமரா மட்டும் பழைய வேகத்திலேயே இருந்தது. பேட்டரி மாற்றியபோது அது தன் பழைய கணக்குக்குப் போயிருக்கிறது. ஒருவரும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியவன் இயக்குநரான தேவசகாயம்தான், மானிட்டருக்கு முன்னால் உட்கார்ந்து ஓகே என்று கையைத் தூக்கியவனும் அவன்தான். நிலோஃபர் எழுதி, இசையமைத்து, பாடிய பாட்டு, அவளுடைய முதல் பாட்டு. மத்தியானமே மெல்லப் போ, உள்ளங்கை காயணும் மெல்லப் போ. அதை இரண்டு மடங்கில் ஓட்டினால் கீச்சுக் குரலில் எலி பாடுவது போல இருந்தது. மெல்லப் போ மெல்லப் போ என்று கெஞ்சிக்கொண்டே தலைதெறிக்க ஓடுகிற பாட்டு. இரண்டு வரிசையாக உட்கார்ந்திருந்த பதினாறு பெண்கள், கையில் அப்பளக் குழவி, முன்னால் பலகை, அதைத் துரத்திக்கொண்டு வாயசைத்தார்கள். ஒருத்தி பின்தங்கினாள், ஒருத்தி முந்தினாள், ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். நட்டநடுவில் அஞ்சலாட்சி, நாற்பத்தைந்து வயது இருக்கும், மாவு அப்பிய நெற்றியோடு, ஒரு வரியைக்கூட விடவில்லை, பரீட்சை எழுதும் முகத்தோடு கடைசிவரை பாடி முடித்தாள்.

பாடி முடித்தாள், அது இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. அதற்கப்புறம்தான் விஷயமே. பாட்டு நின்றது, எல்லாரும் முடிந்தது என்று நினைத்தார்கள், கேமராமேன்கூட டீ வாசனையின் பின்னால் எழுந்து போய்விட்டான். தேவசகாயம் கட் சொல்லவில்லை. படப்பிடிப்பு ஆட்களுக்கு இது பழைய நகைச்சுவை, தேவா சாருக்குக் கல்யாணம் ஆனதே ஐயர் கட் சொன்னதாலதான் என்பார்கள், அவன் கல்யாணம் நடந்தது தேவாலயத்தில் என்பது அவர்களுக்குப் பொருட்டில்லை. கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. பெண்கள் முந்தானையால் முகம் துடைத்தார்கள், தண்ணீர் குடித்தார்கள், மறுபடி மாவை இழுத்துத் தேய்க்கத் தொடங்கினார்கள். அஞ்சலாட்சி குழவியைப் பிடித்தபடி எங்கேயோ பார்த்தாள். அந்த முகத்திலிருந்து ஒவ்வொன்றாக எல்லாம் இறங்கிப் போயிற்று, பரீட்சை போயிற்று, வெட்கம் போயிற்று, மற்றவர்களுக்காக வைத்திருக்கும் முகமே போயிற்று. எடிட்டிங் அறையில் இந்தப் படத்தை இயல்பான வேகப் பாட்டுக்கு மேல் காசி சும்மா ஒரு விளையாட்டுக்குத்தான் போட்டான். பாட்டு அதன் போக்கில் மெல்ல நடக்கிறது, பெண்கள் அதற்கு முன்னால் ஓடுகிறார்கள், பாதிப் பாட்டிலேயே அவர்கள் பாடி முடித்துவிடுகிறார்கள். பிறகு, வாய் மூடி வேலைக்குத் திரும்பிவிட்ட அவர்களைத் தேடிக்கொண்டு பாட்டு பின்னாலேயே வருகிறது, மெல்லப் போ என்று, ஊர் அடங்கிய பிறகு வந்து சேர்ந்த விருந்தாளி மாதிரி. கடைசி வரி அஞ்சலாட்சியின் அந்த முகத்தின்மேல் வந்து விழுந்து நின்றது. காசி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து, "யோவ்" என்றான். பதினோரு வருடப் பழக்கத்தில் அவன் சாரை யோவ் என்றது அதுதான் முதல் தடவை.

கைபேசி அதிர்ந்தது. காசிதான். "சார், எங்க கீறீங்க?" "பாடி." "இன்னும் பாடியா? பாட்டுக் கம்பெனில ரெண்டு தடவ போன் பண்ட்டாங்க சார். ஒண்ணு சொல்லவா, சரியான டேக்க அனுப்பிடலாம். உதடு ஒட்டுது, வெளிச்சம் நல்லாருக்கு, அவங்களும் கேக்கமாட்டாங்க, நமக்கும் தலவலி இல்ல." "உனக்கு எது காசி?" "என்னக் கேட்டா? நேத்து என் பொண்டாட்டிக்கு ரெண்டையும் காமிச்சேன். சரியானது ஓடும்போது குக்கர் விசில எண்ணினு இருந்தா. இன்னொண்ணு ஓடும்போது குக்கர வுட்டுட்டா. சாதம் கொழைஞ்சி போச்சி." அழைப்பு முடிந்த பிறகும் தேவசகாயம் அந்தக் குழைந்த சாதத்தை நினைத்துக்கொண்டிருந்தான். ஜனங்களுக்குப் புரியாது, ஜனங்களுக்குப் புரியாது என்று இருபத்தாறு வருடமாகச் சொல்லக் கேட்டாயிற்று. புரிவதற்காகவா பார்க்கிறார்கள்? லிஃப்டுக்குள்ளேயே ஒரு பாட்டு எடுத்தான், ஏழு மாடி ஏறி ஏழு மாடி இறங்கும், அவ்வளவுதான். இதுல என்னய்யா இருக்கு என்று நானூறு பேர் எழுதினார்கள். ஒரே ஒருவர், முகம் இல்லை, பெயருக்குப் பதில் ஏதோ எண், "மூணு வாட்டி பார்த்தேன், ஏன்னு தெரியல" என்று எழுதியிருந்தார். அந்த மூன்றாவது தடவைக்காகத்தான் அவன் இருபத்தாறு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறான் போல. முதல் தடவை பாட்டுக்காகப் பார்ப்பார்கள். இரண்டாவது தடவை, பார்த்தது நிஜம்தானா என்று பார்ப்பார்கள். மூன்றாவது தடவை எதற்கு என்று கண்டுபிடித்துவிட்டால் அப்புறம் வீடியோ எடுக்க வேண்டியதில்லை. ஆனால் அவன் மனைவி மெர்சி வேறு விதமாகச் சொல்வாள். யாராவது மூஞ்சிய உம்முன்னு வச்சிக்கிட்டாத்தான் உங்க கேமராவுக்குக் கண்ணு தெரியும், நாங்கல்லாம் சிரிச்சிட்டே இருந்தா பாட்டரி தீந்துபோச்சும்பீங்க. சிரிப்பதற்காகச் சொன்னாள். அவனும் சிரித்தான். சிரித்துவிட்டு ஒரு வாரம் அதையே அசைபோட்டான்.

ஜாய்ஸ். அந்தப் பெயர் எங்கிருந்து வரும் என்று பார்த்துக்கொண்டே இருந்தான், இதோ வந்துவிட்டது. பதினெட்டு வருடம். கோவளம் கடற்கரை, பின்வரிசையில் ஆடும் எட்டுப் பெண்களில் ஒருத்தி. இடைவேளையில் தனியே போய் உட்கார்ந்தாள், யாரோ போன் செய்தார்கள், கேட்டுக்கொண்டிருந்தவள் அழத் தொடங்கினாள். கேமரா அவள் பக்கம் திரும்பியிருந்தது. தற்செயலா? தற்செயல்தான் என்று அன்றைக்கு நினைத்தான். அதை வீடியோவில் பதினோரு விநாடி வைத்தான். பாட்டை எல்லாரும் மறந்தார்கள், அந்தப் பதினோரு விநாடியை ஒருவரும் மறக்கவில்லை. யாருய்யா அந்தப் பொண்ணு என்று கேட்காத ஆள் இல்லை. ஒரு கேடயம்கூடக் கொடுத்தார்கள். ஒரு மாதம் கழித்து ஜாய்ஸ் போன் செய்தாள். கோபமாகப் பேசியிருந்தால் பரவாயில்லை. "சார், அது நடிப்பு இல்ல. என்ன ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்" என்றாள், டெய்லரிடம் அளவு தப்பியதைச் சொல்வதுபோல் அவ்வளவு மெதுவாக, வைத்துவிட்டாள். அதற்கப்புறம் அவள் எங்கே ஆடினாள், ஆடினாளா என்றே தெரியாது. அதற்காகத்தான் இப்போது வேகாத வெயிலில் பேருந்தில் உட்கார்ந்திருக்கிறோமா? ஜாய்ஸுக்குத் தர வேண்டியதை அஞ்சலாட்சிக்குக் கொடுத்தால் தீருமா? போகட்டும், அதைவிடக் கூரான கேள்வி ஒன்று இருக்கிறது, இரண்டு நாளாகக் குத்திக்கொண்டே இருக்கிறது. அன்றைக்கு அப்பளக் கம்பெனியில் அவன் கட் சொல்ல மறந்தானா, மறந்ததுபோல் இருந்தானா? மானிட்டரில் அவள் முகம் இறங்குவதைப் பார்த்தான். பார்த்தது நினைவிருக்கிறது. வாய் திறக்கவில்லை என்பதும் நினைவிருக்கிறது. நடுவில் என்ன நினைத்தான் என்பது மட்டும் நினைவில் இல்லை, அந்த இடத்தில் யாரோ வெட்டிவிட்டார்கள். அஞ்சலாட்சியிடம் எப்படிச் சொல்வது? அம்மா, இந்தப் பாதி உங்களுக்குத் தெரியாம எடுத்தது. இல்லை, கேமரா ஓடிட்டு இருந்துச்சும்மா. அது கேமரா மேல் பழி போடுவது. நான் நிறுத்தலம்மா. ஆமாம், அதுதான். நான் நிறுத்தல. சொன்னால் அவள் என்ன செய்வாள்? திட்டினால் வாங்கிக்கொள்ளலாம். சரி சார், உங்க இஷ்டம் என்று தலையை ஆட்டிவிட்டால்? படித்தவன் கேட்கிறானே என்று சும்மா ஆட்டும் தலை சம்மதமா? வேண்டாம் என்று சொல்லக்கூடிய மாதிரி எப்படிக் கேட்பது, அதற்கு ஏதாவது பள்ளிக்கூடம் இருக்கிறதா? எஞ்சின் இன்னும் அணைந்தே இருந்தது. தேவசகாயம் எழுந்தான், படிக்கட்டில் இறங்கினான், பாலத்தில் நடக்கத் தொடங்கினான். வியர்வை முதுகில் கோடு போட்டு இறங்கியது. நடக்க ஆரம்பித்ததும், காரணமே இல்லாமல், கொஞ்சம் நன்றாக இருந்தது. பாலத்தின் மறுபக்கம் ஷேர் ஆட்டோ கிடைத்தது.

போய்ச் சேர்ந்தபோது ஒன்று பதினைந்து. பெண்கள் கொட்டகைக்குப் பின்னால், வெயிலில் காயும் அப்பள வலைகளின் ஓரம் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டு முடித்திருந்தார்கள். அவனை முதலில் பார்த்தது பவுனு, அஞ்சலாட்சிக்குப் பக்கத்துப் பலகைக்காரி, வாய்க்குப் பூட்டில்லாதவள். "ஏ, பாட்டுக்காரு வந்துட்டாருடி! மறுபடியும் ஓட வுடுவாரு, மூச்ச புடிச்சிக்கோ!" எல்லாரும் சிரித்தார்கள். அஞ்சலாட்சி டிபன் பாக்ஸைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தாள். "இன்னா சார், வேர்த்து ஊத்துது. தண்ணி குடி மொதல்ல." குடித்தான். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியம் தண்ணீரோடு இறங்கிப் போய்விட்டது. "நாளைக்கு வருதும்மா. அதுக்கு முன்னாடி நீங்க பாத்துடணும்" என்று மட்டும் சொல்லிக் கைபேசியை அவளிடம் கொடுத்தான். ஏழெட்டுத் தலைகள் அதன்மேல் கவிந்தன. பாட்டு தொடங்கியது.

அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வலைகளைப் பார்த்தான். நூற்றுக்கணக்கில் வெள்ளை வட்டங்கள், ஓரம் லேசாக நெளியத் தொடங்கிய வட்டங்கள். காதில் எல்லாம் விழுந்தது. "பவுனு, உன் வாயப் பாரு, மீனு மாரி." "நீ மட்டும் இன்னாவாம், கொட்டாவி வுடற." "அய்ய, பாட்டு மெதுவா வருது, நம்ம எங்கியோ போய்ட்டம்டி." "அஞ்சல பாரு, டீச்சரு மாரி பாடறா." ஒரு நிமிடம். ஒன்றரை. சிரிப்பு மெலிந்தது. இப்போது அந்த இடம். பெண்கள் பாடி முடித்துவிட்ட இடம், பாட்டு மட்டும் தனியாக வரும் இடம். மெல்லப் போ என்று நிலோஃபரின் குரல் அந்தச் சின்னக் கருவியிலிருந்து வெயிலுக்குள் கசிந்தது. ஒருத்தி "ச்சு" என்றாள். அது எந்த ச்சு? இந்தத் தமிழ்நாட்டில் ச்சுவில் மட்டும் நாற்பது வகை இருக்கிறது. இரண்டே முக்கால், மூன்று, மூன்றரை. காக்காய் ஒன்று வலையின் ஓரத்தில் வந்து உட்கார்ந்தது, ஒருவரும் விரட்டவில்லை. அப்பளத்தைக் கொத்தப் போகிற காக்காயைப் பதினாறு பேரும் விரட்டாமல் இருந்தார்கள். பாட்டு முடிந்தது.

"இது எப்ப எடுத்த சார்?" அஞ்சலாட்சியின் குரல். "பாட்டு நின்னப்புறம் இல்ல இது?"

"ஆமாம்மா. நான் நிறுத்தல. நீங்க நின்னுடுச்சின்னு நெனச்சிட்டிருந்தீங்க. நான் சொல்லாம எடுத்தேன். தப்புதான்." வந்துவிட்டது, கோணல்மாணலாக, ஆனால் வந்துவிட்டது. "உங்களுக்கு வேணாம்னா இது வராது. வேற ஒண்ணு இருக்கு, அத அனுப்பிடுவேன். எனக்கு ஒரு நஷ்டமும் இல்ல." கடைசி வாக்கியம் பொய். அவள் அதைக் கண்டுகொண்டவள்போல் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நான் இன்னாத்த பாத்துனு இருக்கேன் இதுல?"

"தெரியலம்மா."

"எனக்கும்தான் தெரில. வெயிலு பூடுமோன்னு பாத்திருப்பேன். நீ இன்னா நெனச்ச?"

அவன் என்ன நினைத்தான்? நினைத்ததை எப்படிச் சொல்வது? ஒரு வாழ்க்கை முழுக்க நினைத்திருந்தான். செத்துப்போன யாரோ, வராமல் போன ஏதோ, தீராத ஒரு மத்தியானம். காசியும் அவனும் எடிட்டிங் அறையில் அவளுக்கு ஒரு பெரிய துக்கத்தையே கட்டிக் கொடுத்திருந்தார்கள்.

"புருசன் செத்தவ மாரி காட்டிக்கீற" என்றாள் அஞ்சலாட்சி. "எம் புருசன் குத்துக்கல்லாட்டம் கீறான் சார். காலைல கூட மீன் கொழம்பு கேட்டு சண்ட போட்டான்." வட்டம் கொல்லென்று சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. விரலால் கைபேசியைத் தட்டினாள். "இதுக்கு அப்புறம் எங்க? இவ இன்னாவோ சொன்னா. நாங்கல்லாம் உருண்டு பொரண்டு சிரிச்சமே. சூப்பர்வைசரு கூட வந்து கத்துனாரு. அது எங்க போச்சி?"

"அது... இருக்கும்மா. வெட்டிட்டேன்."

"ஏன்?"

ஏன். பாட்டு அங்கே முடிந்துவிடுகிறது, அதனால்தான். அப்படித்தான் சொன்னான். "பாட்டு அங்க முடிஞ்சிடுதும்மா."

"பாட்டு முடிஞ்சா இன்னா சார்? நாங்கதான் அப்பவே முடிச்சிட்டமே."

படப்பிடிப்பில் கட் சொல்லாத மனிதன், எடிட்டிங் மேசையில் எவ்வளவு அவசரமாக வெட்டியிருக்கிறான். அவள் முகம் காலியான அந்தக் கணம் வந்ததும், கிடைத்துவிட்டது, இதுதான், இதோடு போதும் என்று கத்தியைப் போட்டிருக்கிறான். அடுத்த விநாடியில் அவள் என்ன ஆனாள் என்று பார்க்கக்கூட இல்லை. இல்லை, பார்த்தான், பார்த்துவிட்டு வேண்டாம் என்று ஒதுக்கினான். கேமராவின் சின்ன மைக்கில் பதிந்த சத்தத்தை முதல் நாளே அடைத்துவிட்டார்கள், அந்தச் சிரிப்புக்குச் சத்தமே இல்லாமல்தான் அவன் அதைப் பார்த்தான். சத்தமில்லாத சிரிப்பு வாயைப் பிளப்பதாகத்தான் தெரியும்.

"பவுனு, இன்னாடி சொன்ன நீ?" என்றாள் அஞ்சலாட்சி.

"எனுக்கு எங்க ஞாபகம்? ஒரு நாளிக்கு நூறு சொல்றேன்."

மணி அடித்தது. ஒன்றரை. பெண்கள் முழங்காலில் கை ஊன்றி எழுந்தார்கள், காக்காயை ஒருத்தி இப்போதுதான் பார்த்து விரட்டினாள். அஞ்சலாட்சி கைபேசியை முந்தானையில் துடைத்து அவனிடம் நீட்டினாள். "சிரிக்கறதையும் சேத்துப் போடறதுன்னா போடு சார். பாட்டு இல்லாட்டியும் பரவால்ல. அது இல்லாம இது வேணாம். என் பொண்ணு பாப்பா, எம்மா அழுதான்னு நெனைப்பா." தலையாட்டல் இல்லை, உங்க இஷ்டம் இல்லை. வேண்டாம் என்ற சொல் அதில் அவ்வளவு தெளிவாக இருந்தது, அதனாலேயே போடு என்ற சொல்லை நம்ப முடிந்தது. அவள் போய்த் தன் பலகைக்கு முன்னால் உட்கார்ந்தாள், குழவியை எடுத்தாள், அவன் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

வாசலில் நின்று காசியைக் கூப்பிட்டான். ஒன்று முப்பத்திநாலு. "காசி, தப்பானதுதான். ஆனா முடிவு மாறுது. பாட்டு நின்னப்புறமும் படம் ஓடணும். கேமரா மைக் சத்தத்தத் தொற."

"பாட்டு முடிஞ்சப்புறம் யாரு சார் பாப்பாங்க? அடுத்ததுக்குப் போயிடுவாங்க."

"தெரியல காசி. போனாப் போகட்டும். நீ தொற."

விசைப்பலகை தட்டும் ஓசை. பிறகு போனுக்குள் ஒரு கரகரப்பு, பதினாறு குழவிகள் பலகையில் உருளும் ஓசை, மழைக்கு முன்னால் தூரத்தில் கேட்பதுபோல். அதற்கு மேல் பவுனுவின் குரல், பக்கத்தில் யாரோ காதில் சொல்வதுபோல் துல்லியமாக: "மெல்லப் போ மெல்லப் போன்னுகினே இன்னா ஓட்டம் ஓடுது பாருடி இந்தப் பாட்டு! எம் மாமியாகாரி 'வேணாம் வேணாம்'னுகினே மூணாவது தட்டு துன்ற மாரி!" ஒரு விநாடி ஒன்றுமில்லை. அப்புறம் ஒரு சிரிப்பு, தனியாக, அடித்தொண்டையிலிருந்து, அது அஞ்சலாட்சி என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. அதன் பின்னால் மற்ற எல்லாமும் இடிந்து விழுந்தது. காசியும் சிரித்துக்கொண்டிருந்தான், மூச்சு முட்ட, மேசையைத் தட்டிக்கொண்டு. வாசலில் வெயிலில் நின்ற தேவசகாயத்தின் தோள் தானாகக் குலுங்கியது. வாட்ச்மேன் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"சார்," என்றான் காசி, கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசும் குரலில், "எங்க சார் வெட்டட்டும்?"

"அவங்க சிரிச்சு முடிக்கட்டும், காசி."